போனிலேயே வந்த உத்தரவு

சில ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் தயாரிக்கிற தனியாருக்கு அரசு என்ன விதிமுறை வகுக்கலாம் என்று பொதுமக்களிடம் கேட்கும் கூட்டம். பெரிய கம்பெனிக்காரர்கள் வக்கீல்களோடு வந்திருந்தார்கள். நான் ஒரே ஒரு காற்றாலைக்குச் சொந்தக்காரி. சேலைத் தலைப்பைப் பிசைந்தபடி கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

சேரன்மகாதேவியில் எங்களுக்கு ஒரு சின்ன அரிசி ஆலை. அதற்காக என் கணவர் பணகுடிப் பக்கம் ஒரு பழைய காற்றாலையை வாங்கியிருந்தார். அது தரும் மின்சாரம் அரசுக் கம்பியில் போய்ச் சேரும். அந்த அளவுக்கு ஆலையின் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். அவர் இறந்த பிறகு இரண்டையும் நான்தான் பார்க்கிறேன்.

ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். வருஷத்துக்கே அப்போது சேர்த்தால்தான் உண்டு. சரியாக அந்த நேரம் பார்த்துத் துணைமின் நிலையத்திலிருந்து போன் வரும். "அக்கா, கம்பி தாங்காது. செத்த நேரம் நிறுத்திருங்க" என்று ஒரு குரல் சொல்லும். செத்த நேரம் என்பது சாயங்காலம் வரை நீளும். பக்கத்துக் கம்பெனிக் காற்றாலைகள் ஜோராகச் சுற்றிக்கொண்டிருக்கும். எதுவும் எழுத்தில் வராது. அவர்கள் போனில் சொல்வார்கள், நாங்கள் நிறுத்துவோம், அதுதான் வழக்கம்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "காத்து என்ன, உங்க ஆபீசுல கேட்டுட்டா அடிக்கு?" என்று வெடிப்பேன். "மேல இருந்து சொல்லுதாவ, நான் என்னக்கா செய்ய?" என்பார் போனில் பேசுகிறவர். அவர் கோபப்படாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

நல்ல காற்றில் எங்களைப் போன்ற ஒற்றைக் காற்றாலைக்காரர்களை முதலில் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் அதற்கு ஈடு தர வேண்டும், இதை விதியிலேயே எழுதுங்கள் என்று கேட்கத்தான் போயிருந்தேன். இல்லாவிட்டால் காற்றாலையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு ஆலையையும் மூட வேண்டியதுதான்.

என் முறை வந்தது. ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தேன். மேடையிலிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஆதாரம் இருக்காம்மா?" என்றார். போனில் சொன்னார்கள் என்றேன். யாரோ சிரித்தார்கள். "யார் சொன்னது?" என்றார். பெயர்கூட எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேனே தவிர, ஒருநாளும் கேட்டதில்லை.

அப்போது மின்துறைக்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒல்லியான ஒரு மனிதர் எழுந்தார். "ஐயா, அந்தப் போனைப் போட்டது நான்தான்" என்றார். முகம் புதிது; குரல் பழகியது. "உக்காருங்க அண்ணாச்சி, எதுக்கு வம்பு?" என்று பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் உட்காரவில்லை.

"அந்த அக்கா சொல்லுதது நெசம். கம்பி தாங்காதுங்கதும் நெசந்தான். ஆனா பெரிய கம்பெனிய நிறுத்துனா ஆயிரம் கேள்வி வரும். இவங்க ஏசிட்டாவது நிறுத்திருவாங்க. அதனால மொதல்ல இவங்களுக்குத்தான் போடுவேன்" என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

கூட்டம் முடிந்து தேடிப்போனேன். வாசலில் தனியாக நின்றார். அவரோடு வந்தவர்கள் யாரும் அருகில் இல்லை. கும்பிட்டேன், அழுகை வந்துவிட்டது. "இதனால வேலைக்கு ஏதும் வந்துருமா தம்பி?" என்று கேட்டேன். "வந்தா பாத்துக்கிடலாம்க்கா. நீங்க மில்ல மூடிராதீங்க" என்றார்.

விதிமுறை வந்தபோது ஈடு பற்றி ஒரு வரியும் இல்லை. ஆனால் நிறுத்தச் சொன்னால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும் என்று இருந்தது. எழுத வேண்டும் என்றானதுமே நிறுத்தச் சொல்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆலை ஓடுகிறது. ஈட்டுக்காக இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த ஆனியில் துணைமின் நிலையத்தில் வேறொருவர் இருந்தார். கூட்டத்தில் எழுந்து பேசியவர் மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அது வழக்கமான மாற்றலா, அன்று பேசியதற்கான பலனா என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் போய்ப் பேசுகிறேன். என் ஆலைக்காக நான் பேசுவதில் பெரிய தைரியம் ஒன்றுமில்லை. ஆனால் தனக்கு நஷ்டம் மட்டுமே வரக்கூடிய ஓர் உண்மைக்காக, தன் ஆட்களின் நடுவிலிருந்து அவரைப் போல என்னால் எழுந்து நிற்க முடியுமா என்று ஒவ்வொரு முறையும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.