அய்யனார் குதிரையின் வயிறு

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் இரண்டே படிகள். அந்த ஐப்பசி மழையில் ஓ.பி.க்கு வந்தவர்களுக்கு அவை மலையாகிப் போயின. முந்தின நாள் வயலில் களை எடுத்தவர்கள், மறுநாள் இடுப்பை நிமிர்த்த முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். காய்ச்சல் கொதிக்கும். மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கியிருக்கும். சிலருக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்திருக்கும். ஓ.பி. சீட்டை விரலால் பிடிக்க முடியாமல் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்கள். ஒரு பெரியவர் பொத்தான் போட முடியாமல் திறந்த சட்டையோடு வந்து, "தப்பா நெனைக்காதீங்க நர்சம்மா" என்றார். சிக்குன்குனியா என்று ரத்தப் பரிசோதனை சொல்வதற்கு முன்பே வாசலில் அவர்கள் வருகிற நடை சொல்லிவிடும்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "இத்தனை பேரு குனிஞ்சு வந்து கும்பிடுறீங்க, நான் எலெக்சன்ல நின்னுருக்கலாம்" என்பேன். வலியோடு சிரிப்பார்கள். சிரிக்க வைக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லலாம். அதற்கு மேல் அந்த நோய்க்கு என்னிடம் ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அந்த வரிசையில் ஒருநாள் நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவள். வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. ஊர் ஊராக ஆஸ்பத்திரி பார்த்த கதையை என்னிடம் அழுதபடி சொன்னவள். காய்ச்சல்காரர்கள் நடுவில் அவளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தேன்.

டாக்டர் அவளைப் பரிசோதித்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். "பிரசவ நேரத்துல இவங்களுக்குக் காய்ச்சல் வந்தா கொழந்தைக்கும் தொத்திரும். பச்சப்புள்ள தாங்காது. எப்படியாச்சும் கொசு கடிக்காம பாத்துக்கங்க" என்றார். அவள் தாய் வீடு எந்தத் தெரு என்று கேட்டேன். கோயில் தெரு என்றாள்.

மற்ற தெருக்களில் அதற்குள் காய்ச்சல் அடங்கத் தொடங்கியிருந்தது. தொட்டிகளைக் கழுவி, டிரம்முக்கெல்லாம் துணி கட்டி, தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கி எரித்து, புகை அடித்து ஓய்ந்திருந்தோம். கோயில் தெருவிலிருந்து மட்டும் தினமும் புதிதாக ஆட்கள் குனிந்துகொண்டே வந்தார்கள். வீட்டுக்குள் எங்கே தேடியும் கொசுப்புழு கிடைக்கவில்லை. இது பகலில் கடிக்கிற கொசு. அந்தப் பெண்ணைப் பகலிலும் வலைக்குள்ளேயே இருக்கச் சொன்னோம். எத்தனை நாளைக்கு ஒரு நிறைமாதக்காரியை வலைக்குள் அடைத்து வைப்பது?

தெரு முடிகிற இடத்தில் அய்யனார் கோயில். எங்கள் பக்கத்தில் வேண்டுதல் பலித்தால் அய்யனாருக்கு மண்குதிரை செய்து வைப்பார்கள். மரங்களுக்கு அடியில் வழிநெடுக இருபுறமும் நிற்கும். கொடுத்துவிட்டால் அது சாமியின் குதிரை. காலொடிந்தாலும் தலை போனாலும் யாரும் தொடமாட்டார்கள். தானாகக் கரைந்து மண்ணாக வேண்டும். போன வருடப் புயலில் மரக்கிளைகள் விழுந்து பாதிக் குதிரைகளுக்குத் தலை போயிருந்தது.

மத்தியான வெயிலில் களைத்துப்போய் அந்த நிழலில் நின்றேன். நின்ற கொஞ்ச நேரத்தில் காலெல்லாம் கடி. ஒரு குதிரையின் ஒடிந்த கழுத்துக்குள் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தேன். குதிரையின் வயிறு பெரிய பானை மாதிரி மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. தண்ணீரெல்லாம் கொசுப்புழு நெளிந்தது. அடுத்த குதிரையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

குதிரை செய்கிற வேளார்தான் அந்தக் கோயிலுக்குப் பூசாரியும். அவர் ஒவ்வொரு குதிரையாக எட்டிப் பார்த்தார். பிறகு, "மண்ணப் போட்டு ரொப்பிரலாங்க. ஆனா கொடுத்தவங்க சம்மதிக்கணும்" என்றார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். எங்களுக்குப் பூசாரி இடம் கொடுத்துவிட்டார். குறுக்கே வந்து நின்றது அந்தக் கர்ப்பிணியின் அம்மா.

"குதிரையத் தொடக்கூடாது. மருந்தும் ஊத்தக்கூடாது" என்றார்.

"அக்கா, ஒங்க மகளுக்காகத்தான் சொல்றேன்."

"எம் மகளுக்காகத்தான் நானும் சொல்றேன். நல்லபடியாப் பெத்து எந்திரிச்சா குதிரை வைக்கிறேன்னு நேந்துருக்கேன். சாமி குதிரை வயித்துல கைய விட்டு, எம் மக வயித்துக்கு ஒண்ணுன்னா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவருக்கிருந்த பயம்தான் எனக்கும். அவர் சொல்லுக்குத் தெருவே கட்டுப்பட்டு நின்றது. நான் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் அவரைத் திட்டினேன், அய்யனாரையும் சேர்த்து.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இரண்டொரு நாளில் அந்த அம்மாவே எங்கள் படிக்கட்டுக்குக் கீழே நின்றார். ஏற முடியவில்லை. விரல்கள் மடங்கி விறைத்திருந்தன. மகள் பக்கத்தில் போகவே பயந்து, அவளைக் கொல்லைப்பக்க அறையில் வலைக்குள் விட்டுவிட்டுத் தனியாக வந்திருந்தார். இறங்கிப்போய்த் தோளில் தாங்கி ஏற்றினேன். ஒரு குத்தல் வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. எனக்கே ஆச்சரியம்தான்.

ஊசி போட்டுக்கொண்டு எழுந்ததும், "நர்சம்மா, பூக்கட்டிப் பாப்போம். அய்யனாரே சொல்லட்டும்" என்றார்.

வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அய்யனார் முன்னால் போட்டார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை. அன்றைக்குக் கும்பிட்டேன். ஒரு சிறுமி ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். வேளார் பிரித்தார். வெள்ளை.

அந்த அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "கண்மாய்க்கரை மண்ணா எடுத்துட்டு வாங்க. குதிரை செஞ்ச மண்ணு அதுதான். அதோடயே சேரட்டும்" என்றார். மடங்கிய விரல்களால் பிடிக்க முடியாமல், இரண்டு முழங்கையாலும் கூடையை அணைத்துத் தூக்கி முதல் மண்ணை அவரே கொட்டினார். அப்புறம் தெருவைக் கேட்க வேண்டுமா? காய்ச்சல் விட்டவர்கள், விடாதவர்கள், கல்லூரிக்குப் போகிற பெண்கள், லீவில் வந்த சிங்கப்பூர்க்காரர்கள் எல்லோரும் கூடை தூக்கினார்கள். பாதிப் பேருக்கு நேராக நடக்க வரவில்லை. வேளார் தண்ணீரை வடித்துக்கொண்டே முன்னால் போனார். பொழுது சாய்வதற்குள் ஒரு குதிரையின் வயிற்றிலும் தண்ணீர் இல்லை. மண் அப்பிய கையோடு நான் அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

அதன்பின் கோயில் தெருவிலிருந்து குனிந்து வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றே போனார்கள். கார்த்திகை பிறந்தபோது ஓ.பி.யில் நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கர்ப்பிணி வலி எடுத்து எங்களிடமே வந்தாள். காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. பெண் குழந்தை. பிறந்ததும் வீல் என்று கத்தியது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சும்மா வெதுவெதுவென்று, ஒரு குழந்தைக்கு இருக்க வேண்டிய சூடு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தை மாதத்தில் குதிரை வைக்கக் கூப்பிட்டார்கள். ஆள் உயரக் குதிரை. வயிற்றுக்கு அடியில் ஒரு துவாரம் விட்டுச் செய்யவேண்டும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தாராம். "எங்க பரம்பரையில யாரும் குதிரைக்கு அங்கிட்டு ஓட்டை போட்டதில்ல" என்று வேளார் என்னிடம் முறையிட்டார், சிரித்துக்கொண்டேதான்.

பீடத்தில் ஏற்றுவதற்கு முன்பு அந்த அம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தார். சூளையில் வெடிக்காமலிருக்க முதுகில் விட்டிருந்த துவாரத்தில் முழுவதையும் ஊற்றினார். பிறகு யார் கையையும் பிடிக்காமல் குதிரையின் அடியில் குந்தி உட்கார்ந்து, கடைசிச் சொட்டு விழுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பத் தூக்கி வைங்க" என்றார்.