முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவர்

சீனத்து நாடகங்களில் மலையுச்சியிலிருந்து விழுந்தவன் சாகமாட்டான். இது இசக்கியம்மாள் கண்ட உண்மை. ஒன்றல்ல இரண்டல்ல, அறுபத்து மூன்று தொடர்களை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துவிட்டுச் சொல்கிறாள். அவற்றில் மலையிலிருந்தும் அருவியிலிருந்தும் விழுந்தவர்கள் நாற்பத்தொரு பேர். முப்பத்தொன்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். ஒருத்தன் பதினைந்து வருஷம் கழித்து, முகமூடி போட்டுக்கொண்டு, பெயரையும் மாற்றிக்கொண்டு வந்தான். செத்துப்போன இரண்டு பேருக்கும் பிணத்தைக் காட்டினார்கள். பிணத்தைக் காட்டாதவரைக்கும் ஆள் உயிரோடு இருக்கிறான் என்பது அவள் தீர்ப்பு.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. மம்சாபுரத்தில் வீடு, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் வேலை. வெளுத்துக் காய்ந்து வரும் துணியை அளவுக்கு வெட்டி, ரோலாகச் சுற்றி, உறையில் போட வேண்டும். சாயங்காலம் பஸ் ஏறும்போது புருவத்தில்கூட வெள்ளைத் தூசி ஒட்டியிருக்கும். இந்த வேலைக்கும் சீனத்து வாள்சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்றால், ஹெப்சிபாதான் சம்பந்தம். பக்கத்து மேசையில் ரோல் சுற்றுகிற பெண். மதியச் சாப்பாட்டு நேரத்தில் செல்போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, தமிழில் குரல் கொடுத்த சீனத் தொடர்களைப் பார்ப்பாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இசக்கியம்மாள் சோற்றைப் பிசைந்தபடி எட்டிப் பார்த்தாள். தரையில் புரளும் பட்டு அங்கியோடு ஒருத்தி ஓட்டுக்கூரைகளின் மேல் பறந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு இசக்கியம்மாள் சோற்றை முடிக்கவேயில்லை.

அன்று பிடித்த பைத்தியம். நடிகர்களின் பெயர் வாயில் நுழையாததால் நெட்டையன், கன்னக்குழிக்காரி, ஒத்தைக்கண் சாமியார் என்று அவளாகவே பெயர் வைத்துக்கொண்டாள். எந்த ராணி எந்த இளவரசனுக்கு விஷம் வைத்தாள் என்பது மம்சாபுரத்து ரேஷன் கடை வரிசைக்கே அவள் புண்ணியத்தில் தெரியும். மேஸ்திரி அதட்டினால், "உமது ஆணவம் எல்லை மீறிவிட்டது" என்று அந்தத் தொடர்களின் தமிழிலேயே முணுமுணுப்பாள். ஒரே ஒரு குறைதான் அவளுக்கு. நெஞ்சில் வாள் பாய்ந்தவனுக்குக் கட்டுப் போடும்போது துணியைக் கண்டபடி சுற்றுவார்கள். இம்புட்டுத் தூரம் பறக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கட்டு ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லையே என்று நிஜமாகவே வருத்தப்படுவாள்.

வேடிக்கையெல்லாம் அதோடு சரி. மலையிலிருந்து விழுந்தவர்களை அவள் ஏன் எண்ணினாள் என்பதில் வேடிக்கை எதுவும் இல்லை.

அவள் கணவர் சங்கிலிப்பாண்டி மாந்தோப்புக் காவலுக்குப் போகிறவர். செண்பகத்தோப்புப் பக்கம் மலையடிவாரத்தில் தோப்பு. காலையில் சைக்கிளின் கைப்பிடியில் தூக்குவாளியை மாட்டிக்கொண்டு போவார். சாப்பிட்டு முடித்ததும் ஓடை மணலைப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மூடியை இறுக்கிக் கொண்டுவந்து வைப்பார். அடியில் நாலு மணல் எப்போதும் மிச்சமிருக்கும். அதற்காக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாள் இல்லை. பேச்சு குறைந்த மனுஷர். டீக்கடையில் ஒரு தடவை டீ கேட்பார். கடைக்காரர் காதில் விழாவிட்டால், குடிக்காமலே எழுந்து வந்துவிடுவார். இரண்டாம் தடவை கேட்டு எதையும் வாங்கிப் பழகாதவர்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், வைகாசி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மலைமேல் கோடைமழை கொட்டிக் காட்டாறு இறங்கியது. அவரை அடித்துக்கொண்டு போனது. துண்டு கிடைத்தது, ஒரு கால் செருப்பு கிடைத்தது. சைக்கிள் வேலியோரமாக நின்றது. ஆளைக் காணவில்லை. எட்டு நாள் தேடிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இசக்கியம்மாளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. அன்றைக்குக் காலையில் அவர் தூக்குவாளியை மறந்துவிட்டுப் போயிருந்தார். அது உள்ளே ஆணியில் தொங்கியது. அவளுக்குக் கம்பெனி லீவு. உச்சி வேளை, தெருவில் காக்கா குருவி இல்லை, கதவைத் தாழ் போட்டுவிட்டுப் படுத்திருந்தாள். வெளியிலிருந்து "இசக்கி" என்று ஒரு குரல் கேட்டது.

ஒரே ஒரு தடவை.

உச்சி வேளையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல் கூப்பிடுக்குப் பதில் கொடுக்கக்கூடாது என்பது இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மனுஷன் என்றால் மூன்று தடவை கூப்பிடுவான். மற்றது ஒரு தடவையோடு நிறுத்திவிடும், பதில் சொன்னவரைக் கையோடு கூட்டிக்கொண்டும் போய்விடும். இசக்கியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டாம் கூப்பிடுக்குக் காத்திருந்தாள். அது வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்தபோது தெருவில் வெயில் மட்டும் கிடந்தது.

பொழுது சாயும்போது செய்தி வந்தது. தண்ணீர் பதினொரு மணிக்கு வந்தது என்றார்கள் சிலர், இரண்டு மணிக்கு வந்தது என்றார்கள் சிலர். பதினொரு மணி என்றால், வாசலில் வந்து கூப்பிட்டது அவர் இல்லை. இரண்டு மணி என்றால், தூக்குவாளிக்காகத் திரும்பி வந்தவர் அவரேதான். அவள் கதவைத் திறக்காததால் பசியோடு ஆற்றுக்குத் திரும்பிப் போனார். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவர் எங்காவது உயிரோடு இருந்தால் மட்டுமே இந்த இரண்டிலிருந்தும் அவளுக்குத் தப்பிக்க வழி இருந்தது. அந்த வழியைத்தான் சீனாக்காரர்கள் அவளுக்குக் காட்டினார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அரண்மனைக் கதையில்தான் முதலில் அவரைப் பார்த்தாள். கன்னக்குழிக்காரி சந்தைத் தெருவில் ஓடுகிறாள். பின்னால் ஒரு தேநீர்க் கடை. அங்கே பெஞ்சில், முதுகு காட்டி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நீல அங்கி, உச்சியில் கொண்டை. ஆனால் வலது தோள் மட்டும் இறங்கியிருக்கிறது, மாங்காய்க் கூடை சுமந்து சுமந்து இறங்கிய தோள் மாதிரி. இடது கையால் பிடரியைச் சொறிகிறார். இசக்கியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. ஹெப்சிபாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். கூட்டத்தில் உட்கார வைத்த கூலி ஆள் யாராவது இருக்கும் என்று அவளும் சிரித்தாள்.

அடுத்த தொடரில் அதே முதுகு ஒரு படகுத்துறையில் உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்ததில், குதிரைகள் தலைதெறிக்க ஓட, ஜனங்கள் சிதற, நடுவே அசையாமல் உட்கார்ந்திருந்தது. அரசர்கள் மாறினார்கள், உடுப்பு மாறியது, முந்நூறு வருஷம் முன்னே பின்னே போனது. முதுகு மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது. ஹெப்சிபாவுக்கும் அது தெரிந்தது. அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை. "அந்தாளு இருக்க தொடரெல்லாம் வேண்டாங்க்கா, வேற பாப்போம்" என்றாள். எந்தத் தொடரில் அந்த ஆள் இல்லை என்று அவளாலும் சொல்ல முடியவில்லை.

இந்த வருஷம் மகன் மாரீஸ்வரனுக்குக் கல்யாணம் கூடி வந்தது. கிருஷ்ணன்கோவிலில் காலேஜ் பஸ் ஓட்டுகிறவன், நிதானமான பையன். பெண் வீடு கூமாப்பட்டி. நல்ல மனுஷர்கள்தான், ஆனால் நியாயமான ஒன்றைக் கேட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காரியம் செய்யாமல் அந்த வீட்டில் எப்படிப் பந்தல் போடுவது? ஆள் கிடைக்காவிட்டால் வைக்கோலில் உருவம் கட்டி எரித்துவிடலாம், ஆடி அமாவாசைக்கு முடித்துவிட்டால் ஆவணியில் முகூர்த்தம் என்றார்கள். மாரீஸ்வரன் அம்மாவிடம் வந்து சொன்னான். அவள் முடியாது என்றாள். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பத்து நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அவள் ஒரு தவணை கேட்டாள். இப்போது ஓடிக்கொண்டிருக்கிற தொடர் நாற்பது பாகம். அது முடியட்டும், பிறகு சொல்கிறேன் என்றாள். மாரீஸ்வரன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"சீனாக்காரன் முடிவு சொன்னாத்தான் எங்கப்பாவுக்குக் காரியமாம்மா?"

அந்தத் தொடரில் அவர் முதல் பாகத்திலிருந்தே உட்கார்ந்திருந்தார். கதை முழுக்க மலையடிவாரத்தில் ஒரு தேநீர்க் கடையைச் சுற்றி நடந்தது. முன்வரிசை மேசையில் அவர். எதிரே ஒரு கிண்ணம், யாரும் வந்து தேநீர் ஊற்றாத கிண்ணம். வாள்கள் மோதின, மேசைகள் பறந்தன, அந்த மேசை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பிடரியில் இருக்கும் மச்சம்கூடத் தெரிந்துவிடும் போல அத்தனை கிட்டம். முப்பத்தெட்டாம் பாகத்தில் அங்கி நனைந்திருந்தது. கதையில் மழை இல்லை, பளீரென்று வெயில். அவர் உட்கார்ந்த பெஞ்சுக்கு அடியில் மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹெப்சிபா செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் கைகழுவப் போனாள்.

கடைசிப் பாகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாரீஸ்வரன் பஸ்ஸைச் சர்வீசுக்கு விடப் போயிருந்தான். இசக்கியம்மாள் சமையலை முடித்துவிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டு, செல்போனைச் செம்பில் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். நெட்டையன் மலையுச்சியில் எதிரியை வீழ்த்தினான். கன்னக்குழிக்காரியோடு அடிவாரத்துக்கு இறங்கினான். தேநீர்க் கடை வந்தது. இசக்கியம்மாள் செல்போனைக் கையில் எடுத்து முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

பெஞ்சில் அவர் இல்லை. கிண்ணம் அப்படியே இருந்தது. ஈரம் பெஞ்சிலிருந்து தொடங்கி, காலடி காலடியாகக் கடைவாசலைத் தாண்டி, இந்தப் பக்கமாக, அவள் பார்த்துக்கொண்டிருந்த பக்கமாக வந்திருந்தது.

"இசக்கி" என்று வாசலில் குரல் கேட்டது.

நேரம் சரியாக உச்சி. செல்போனில் பாட்டு ஓடி முடிந்தது. பதில் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஏழு வருஷமாக அவளுக்குத் தெரியும். இந்தத் தடவை அவள் இரண்டாம் கூப்பிடுக்குக் காத்திருக்கவில்லை.

"இந்தா வாரேன்" என்றாள்.

எழுந்தாள். ஆணியில் தொங்கிய தூக்குவாளியை எடுத்தாள். சோறு போட்டு, குழம்பு ஊற்றி, ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாயும் வைத்து மூடினாள். அவசரப்படவில்லை. கதவைத் திறந்தாள். தெருவில் யாரும் இல்லை. காற்றுகூட இல்லை. அன்றைக்குத் தோப்பிலிருந்து கொண்டுவந்து சாத்திய சைக்கிள், டயர் மக்கி, சுவரோரம் அப்படியே நின்றது. அதன் கைப்பிடியில் தூக்குவாளியை மாட்டினாள். "நேரத்தோட சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தன்னைக் கூட்டிக்கொண்டு போவதானால் போகட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் அழுதாள்.

நாலு மணிக்கு வெளியே வந்து பார்த்தபோது தூக்குவாளி அதே இடத்தில் தொங்கியது. மூடி இறுக்கமாக இருந்தது. திறந்தாள். உள்ளே ஒரு பருக்கை இல்லை, கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. அடியில் நாலு மணல் கிடந்தது. நாய் தின்றிருக்கும், காக்கா கொத்தியிருக்கும், தெருவில் போகிற யாராவது விளையாடியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள். மம்சாபுரத்துத் தெருவில் ஆற்றுமணலுக்கு எங்கே போவது?

மாரீஸ்வரன் வீட்டுக்கு வந்ததும் அவள் அதிகம் பேசவில்லை. "ஆடி அமாவாசைக்கே வச்சுக்கோப்பா. ஒங்கப்பா சாப்பிட்டுட்டாக" என்றாள். அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான், கூமாப்பட்டிக்குப் போன் போட்டான்.

ஓடைக்கரையில் காரியம் நடந்தது. வைக்கோலை ஆளுயரத்துக்குப் பரப்பி, கயிற்றால் கட்டப் போனார்கள். அவள் தடுத்துவிட்டாள். பையிலிருந்து பேண்டேஜ் ரோல்களை எடுத்து, கை, கால், நெஞ்சு என்று தானே சுற்றினாள். ஒரு சுருக்கம் இல்லை, ஒரு தளர்வு இல்லை. வலது தோளைக் கொஞ்சம் இறக்கிக் கட்டினாள். தீ வைக்கும்போது எல்லோரும் அழுதார்கள், அவள் அழவில்லை.

ஆவணியில் கல்யாணம் முடிந்தது. இசக்கியம்மாள் இன்னும் சீனத் தொடர்கள் பார்க்கிறாள், இப்போது அறுபத்தேழாவது. எந்தத் தேநீர்க் கடையிலும் அந்த முதுகு இல்லை. ஹெப்சிபா பழைய தொடர்களைக்கூட ஓட்டிப் பார்த்தாள். அந்தந்த இடத்தில் வெறும் பெஞ்சுதான் இருந்தது.

ஒரே ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. நேரம் காலம் இல்லாமல், உச்சி வேளையில்கூட, யார் ஒரு தடவை கூப்பிட்டாலும் "இந்தா வாரேன்" என்று எழுந்துவிடுகிறாள். தெருவில் எல்லோரும் திட்டுகிறார்கள். மருமகள் பயப்படுகிறாள். இப்படி முதல் கூப்பிடுக்கே பதில் சொன்னால் எது வந்து கூட்டிக்கொண்டு போகுமோ என்று ஒருநாள் ஹெப்சிபாவும் கேட்டுவிட்டாள். இசக்கியம்மாள் கையிலிருந்த ரோலைச் சுற்றி முடித்து, உறையில் போட்டு மூடினாள்.

"எல்லாரும் மூணு தடவ கூப்பிடுவாகளா, ஏட்டி? சில பேரு ஒரு தடவதான் கூப்பிடுவாக."