பால் பெட்டியின் மேல் போட்ட பழி

லைலுக்கு ஹார்லன் மேல் இருந்த கோபத்தின் உயரம் இரண்டு விரற்கடைதான். அதை ஏறக்குறைய இருபது வருஷம் சுமந்து திரிந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்து ஃபோர்டு கூப்பே என்கிற இரண்டு கதவுக் கார் ஒன்றை இரண்டு பேரும் சேர்ந்து கட்டினார்கள். கூரையை மட்டும் ஹார்லன் தனியாக அறுத்தான். அறுத்த பிறகு லைல் அதில் உட்கார்ந்தால் தலை இடித்தது. தன் கையால் கட்டிய வண்டியில் தனக்கே இடமில்லை என்றால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்?

ஹார்லன் பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு லாரி டயர் கடையில் வேலை பார்த்தவன். குள்ளம். கழுத்து என்று தனியாக ஒன்று அவனுக்குக் கிடையாது. தேவாலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நகத்திலிருக்கும் கிரீஸை வண்டிச் சாவியால் நோண்டிக்கொண்டிருப்பான். யார் வண்டி எங்கே நின்றுபோனாலும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். போகிற வழியெல்லாம் அவர்களைத் திட்டிக்கொண்டேதான் போவான். நல்லவன். அவன் நல்லவனாக இருந்ததுதான் லைலுக்கு அதிகமாக வலித்தது.

லைல் எண்ணெய்க் கிணறுகளில் குழாய் வெல்டர். பனைமரம் மாதிரி ஆள். வாய்க்கால் கரையை வெள்ளம் அரிக்காமலிருக்க அந்தப் பக்கத்து விவசாயிகள் பழைய கார்களின் வெற்றுக் கூடுகளை அதில் உருட்டிவிடுவார்கள். ஒரு பாதாம் தோட்டத்து வாய்க்காலில் அந்தக் கூப்பே தலைகீழாகக் கிடந்ததைக் கண்டுபிடித்தவன் லைல்தான். சேற்றையும் பாம்புச் சட்டையையும் வழித்தெறிந்து, ஹார்லன் வீட்டு ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அங்கேதான். தரைத் தகட்டை லைல் புதிதாக வெல்டு செய்தான். இன்ஜினை ஹார்லன் பிரித்துக் கட்டினான். ஹார்லனின் மனைவி ஓபல் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்து வண்டியின் மட்கார்டு மேல் வைத்துவிட்டுப் போவாள்.

இந்த மாதிரி வண்டிக்கு உயிரே கூரையை இறக்குவதில்தான் இருக்கிறது. கண்ணாடியைத் தாங்கும் தூண்களில் ஒரு துண்டை அறுத்தெடுத்துவிட்டு, கூரையைக் கீழே இறக்கி ஒட்டவைப்பார்கள். எவ்வளவு இறக்குகிறோமோ அவ்வளவுக்கு வண்டி முறைத்துப் பார்க்கும். அறுப்பு நாளில் தோழர்கள் எல்லாரும் வருவார்கள், அடுப்பில் இறைச்சி வேகும், ஆளுக்கொரு மூலையாகக் கூரையைப் பிடித்து இறக்குவார்கள். அதைத் தனியாகச் செய்கிற வழக்கமே கிடையாது.

அளவெடுத்த அன்று சீட்டு தையற்கடையில் இருந்தது. அதனால் லைல் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"டேய் ஒட்டகம், நிமிந்து உக்காரு. அப்புறம் முடி ஒட்டுதுன்னு அழுவாத."

"நீ உக்காந்தா ஸ்டியரிங்கே தெரியாது, உனக்கு என்னடா பேச்சு?"

தூண்களில் எங்கிருந்து எதுவரை அறுக்கவேண்டும் என்று லைலே இரும்பு ஊசியால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு கீறினான். மறுநாள் அவன் அண்ணன் இறந்துபோன செய்தி வந்தது. அடக்கத்துக்கு ஓக்லஹோமா போய்விட்டான்.

திரும்பி வந்தபோது கூரை இறங்கி, வெல்டு தேய்த்து, பிரைமர் பூசியிருந்தது. சீட்டும் பொருத்தியாகிவிட்டது. லைல் ஏறி உட்கார்ந்தான். கழுத்தைத் தோளில் சாய்த்தால்தான் கதவு சாத்த முடிந்தது.

"என்னடா இது?"

"நீ கீறின கோடுதாண்டா. பெட்டி தாழ்வு, சீட்டு உசரம். யாருக்குத் தெரியும்?"

"நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா உனக்கு?"

"கை அரிச்சுது, அறுத்துட்டேன்."

லைல் இறங்கினான். அந்த ஷெட்டுக்கு அதன்பின் அவன் போகவில்லை. ஜூலை நாலு சுதந்திர தின ஊர்வலங்களில் கருப்புக் கூப்பேயை ஹார்லன் ஓட்டிப்போவான். அது வரும்போது லைல் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துகொள்வான். முடிவெட்டும் கடையில் எல்லாரும் பால் பெட்டிக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். "பெட்டியை அளக்காம உக்காந்தது உன் தப்புதானப்பா" என்றார்கள். நாளாக ஆக, லைலும் அதைப் பாதி நம்பினான். தன் மடத்தனத்துக்கு நண்பனை ஒதுக்கிவிட்டோமோ என்று சில சனிக்கிழமைகளில் நெஞ்சு குறுகுறுக்கும்.

போன வசந்தத்தில் ஓபல் கூப்பிட்டாள். "அவருக்கு வாதம் வந்து இடது கால் போயிடுச்சு லைல். கிளட்ச் மிதிக்க முடியல. உன்னையே கேக்கறாரு."

போனான். ஷெட்டில், கூப்பேக்குப் பக்கத்தில், ஹார்லன் சக்கர நாற்காலியில் இருந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"வா ஒட்டகம். ஆணில தொங்குது பாரு, எடு."

கூரை அறுத்தவர்கள் எல்லாரும் அறுத்த துண்டுகளைச் சுவரில் மாட்டிவைப்பார்கள். வேட்டைக்காரன் கொம்பு மாட்டுகிற மாதிரி. லைல் ஒன்றை எடுத்துத் துடைத்தான். அவன் கீறிய இரண்டு கோடுகளும் தெரிந்தன. கோட்டில் அறுத்திருந்தால் அவை துண்டின் இரு விளிம்பிலும் இருந்திருக்கவேண்டும். கீழ்க்கோடு விளிம்பில் இல்லை. அதற்கும் கீழே இரண்டு விரற்கடை இரும்பு மிச்சம் இருந்தது. மற்றத் துண்டுகளையும் எடுத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் அப்படியே.

"பெட்டி இல்ல" என்றான் லைல்.

"பெட்டி இல்ல."

"ஏண்டா?"

ஹார்லன் வண்டியைப் பார்த்தான். "வண்டி பாக்க வர்றவன் எல்லாம் உங்கிட்டதான் பேசுவான். நீ நெட்டையா, சிரிச்சுக்கிட்டு, கதவுல சாஞ்சு நிப்ப. இன்ஜின் கட்டினவன் கீழ படுத்துக் கெடப்பான். இந்த ஒரு வண்டியாவது எனக்குன்னு இருக்கட்டும்னு தோணிச்சு."

"என் அண்ணனைப் புதைச்சிக்கிட்டிருந்தேண்டா அன்னிக்கு."

"தெரியும்."

கையிலிருந்த துண்டை ஹார்லன் முகத்தில் எறியலாமா என்றுகூட லைல் ஒரு கணம் நினைத்தான். இத்தனை வருஷம் சந்தேகப்பட்டதற்காகத் தன்னையே நொந்துகொண்ட சனிக்கிழமைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

"வண்டி இனிமே உனக்கு" என்றான் ஹார்லன். "அந்த ரெண்டு விரற்கடை இரும்பை வெட்டியெடுத்து மறுபடி உள்ள வச்சு வெல்டு பண்ணிக்கோ. கண்ணாடி புதுசா வெட்டணும். உன் தலை இடிக்காம நிக்கும்."

லைல் துண்டுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட் கதவுவரை போய்விட்டான்.

"லைல்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டான் ஹார்லன். அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. "நீ கூரையை ஏன் உசத்தினேன்னு முடிவெட்டுற கடையில பசங்க உன்னைக் கேப்பானுங்க. பால் பெட்டின்னே சொல்லிடுடா."