முதுகுக்கு ஏற்ற பை

போன வருஷம் கார்த்திகை தீபம் முடிந்து, கூட்டம் கரைந்து, கிரிவலப் பாதையில் மறுபடியும் நிம்மதியாக நடக்க முடிந்த நாட்களில் நடந்தது இது. எனக்குத் திருவண்ணாமலைதான் சொந்த ஊர். வேங்கிக்காலில் வீடு, பக்கத்திலேயே ஓர் அலுவலகத்தில் வேலை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை என்றால் சுற்றுவதற்குத்தான். மலையே சாமி என்பதால் அதன்மேல் கால் வைக்க மனசு வராது. சுற்றிச் சுற்றியே காலம் போய்விட்டதே, சாவதற்குள் ஒரு மலையிலாவது ஏறி இறங்க வேண்டும் என்று எனக்குள் ஓர் ஆசை அரித்துக்கொண்டே இருந்தது.

அந்தச் சமயம் பார்த்து என் அலுவலகத் தோழி, இமயமலையில் பல நாள் நடக்கப்போகும் ஒரு பெண்கள் குழுவில் சேர்ந்தாள். என்னையும் சேர்த்துவிட்டாள். அவரவர் சுமையை அவரவரே முதுகில் தூக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. வீட்டில் சொன்னதும் என் கணவர் பேப்பரைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ரேஷன் அரிசியத் தூக்கினு வரவே ஆட்டோ கேக்கறவ நீ. இமயமலைக்கு எவன் ஆட்டோ ஓட்டுவான்?"

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அதே அரிசியைப் பையில் போட்டு, முதுகில் மாட்டிக்கொண்டு கிரிவலம் வந்து காட்டுகிறேனா இல்லையா பாருங்கள் என்று சபதம் போட்டுவிட்டேன்.

ஆன்லைனில் ஒரு பை வாங்கினேன். பார்க்க ராஜா மாதிரி இருந்தது. அரிசியைப் பொட்டலம் கட்டி உள்ளே வைத்து, விடியற்காலையில் கோபுரத்தைக் கும்பிட்டுவிட்டு, வழக்கம்போல் வெறுங்காலோடு தோழியுடன் கிளம்பினேன். பாதையில் வரும் எட்டு லிங்கங்களில் நாலாவதான நிருதி லிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சாமியார் எழுந்து வந்து, "அன்னதானமாம்மா? எங்க உக்காரணும்?" என்று கேட்டார். என் தோழி சிரித்த சிரிப்பில் அவளால் நடக்கவே முடியவில்லை.

வாயு லிங்கத்தைத் தாண்டியதும் நடு முதுகில், கொஞ்சம் இடப்பக்கமாக, ஒரு வலி பிடித்தது. உளியை வைத்துத் தட்டுகிற மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. கிரிவலத்தில் பட்ட வலியைச் சொல்லிப் புலம்பினால் புண்ணியம் போச்சு என்பார்கள் எங்கள் ஊரில். கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தாலும் 'அண்ணாமலையாருக்கு அரோகரா' என்று சொல்லிவிட்டு மேலே நடப்பார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து, "பை சரியில்லைங்க, பட்டை அழுத்துது" என்று மட்டும் சொன்னேன். எவ்வளவு வலித்தது என்று சொன்னால் போகவிடமாட்டாரே!

அந்தப் பையைத் திருப்பி அனுப்பிவிட்டு, சென்னையில் இருக்கும் என் தம்பியிடமிருந்து இன்னொன்றை வரவழைத்தேன். கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் அதே அரிசியோடு மறுபடி சுற்றியபோது வலி மட்டும் அதே இடத்தில், இன்னும் ஜாஸ்தியாக வந்தது.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் அறைகள் வாடகைக்கு விடும் ஓர் அம்மா இருக்கிறார். ஊர் திரும்பும் வெளிநாட்டுக்காரர்கள் விட்டுவிட்டுப் போகும் பைகளை அவர் விற்பார் என்று தோழி அழைத்துப் போனாள். அந்த அம்மா என்னைத் திருப்பி நிற்கவைத்து, கழுத்தெலும்பிலிருந்து இடுப்புவரை சாண் போட்டு அளந்தார். ஒரு நீலப் பையை எடுத்து மாட்டி, தோள்பட்டையை இழுத்து, இடுப்புப் பட்டியை இறுக்கினார். "பாரம் இடுப்புல உக்காரணும்மா. தோளு சும்மா புடிச்சினு இருந்தா போதும்" என்றார். எனக்கென்றே தைத்த ரவிக்கை மாதிரி உட்கார்ந்தது அந்தப் பை. அன்றைக்கு வீடு முழுக்க அதை மாட்டிக்கொண்டே திரிந்தேன்.

அந்தப் பையோடும் நடந்தேன். வாயு லிங்கத்துக்கு அடுத்து வரும் குபேர லிங்கத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. பாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உடம்பு இவ்வளவு லாயக்கற்றதாகவா போய்விட்டது என்று அழுகை அழுகையாக வந்தது. தோழி போன் போட்டதும் கணவர் வண்டியில் வந்தார். பையைக் கழற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க வலிக்குது?"

தொட்டுக் காட்டினேன். முன்னாடி எங்கே வலித்தது என்று கேட்டார். அதுவும் இதே இடம்தான் என்றேன்.

"மூணு பையும் பேசி வெச்சினு ஒரே எடத்துலயா கடிக்கும்?" என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிக்கும்போது அவர் முகம் மாறிவிட்டது.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எத்தனை நாளாக வலி என்று டாக்டர் கேட்டார். "நடக்கும்போது வரும் சார். பை சரியில்லைன்னு நெனச்சேன்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கோ சத்தமில்லாமல் தொடங்கிய கட்டி, முதுகெலும்பு வரைக்கும் வந்து எலும்பை அரித்திருந்தது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்றார். குணமாகுமா என்று என் கணவர் கேட்டதற்கு, வலியைக் குறைக்கலாம் என்றார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர் அதை முடிக்கவேயில்லை.

சித்திரையில் அந்தக் குழு கிளம்பிப் போனது. பனியில் நிற்கும் படங்களைத் தோழி ஆசையாக அனுப்பினாள். வயிறெரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், பொய் சொல்ல என்ன இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். எதிரே மலை நின்றது. உன்னைத்தானே இத்தனை வருஷம் சுற்றினேன், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்று வாய்விட்டே திட்டினேன். அதற்கப்புறம் நான் கோவிலுக்குப் போகவில்லை.

நீலப் பை இப்போது வேலூருக்குத்தான் போய்வருகிறது. உள்ளே இரண்டு நைட்டி, துண்டு, பிளாஸ்க், ஸ்கேன் படங்கள். என் கணவர்தான் மாட்டிக்கொள்கிறார். ஆள் என்னைவிட ஒரு முழம் உயரம். என் அளவுக்கு இறுக்கிய பட்டை அவர் அக்குளை அறுக்கிறது. பை நடு முதுகிலேயே தொங்குகிறது. சட்டையைக் கழற்றினால் தோள் இரண்டிலும் சிவப்பாகத் தடம். பட்டையைக் கொஞ்சம் லூஸ் பண்ணிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாண்டில் கெஞ்சுகிறேன்.

"வேணாம் வுடு. ஒரு தபா மாத்திட்டா உன் அளவு அப்புறம் கெடைக்காது."

நான் அதை இனி மாட்டப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும். அந்தத் தடத்தில் எண்ணெய் தடவும்போதெல்லாம், வலிக்குதா என்று கேட்கிறேன், இல்லை என்கிறார். வாயு லிங்கத்தைத் தாண்டி நான் வாயை மூடிக்கொண்டு நடந்தபோது என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.