வாசல் அரளி

அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆரணியில் எங்கள் தெருவில் பாவு போடுபவர். விடிந்ததும் புடவைக்கான பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்து, இரண்டு முனையிலும் முளையடித்துக் கட்டுவார். ஒட்டிய கன்னம், காதில் செருகிய பீடி. என் வாசலில் நான் வைத்த அரளி அவருக்கு ஆகவே ஆகாது.

தண்ணீர் ஊற்றாவிட்டாலும் வருஷம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடி அது. தினமும் பூத்த கிளையாகப் பார்த்து ஒடித்து என் கேட்டின் மேல் எறிவார்.

“இதுல மாட்டி ஒரு இழ அறுந்தா, நீயா சார் வந்து முடி போடுவே?”

“தெரு என்ன உங்க பேர்லயா கீது?” என்று நானும் விடமாட்டேன்.

ஒருநாள் காலை காற்று சுழற்றி அடித்தது. ஒரு பக்கத்து முளை பிடுங்கிக்கொள்ள, முழுப் பாவும் சாக்கடையில் விழப் பார்த்தது. பாய்ந்து கயிற்றைப் பிடித்தவர், அதை என் அரளியின் தூரில் சுற்றிக் கட்டினார். செடி வளைந்தது, வேர் அசையவில்லை. பாவு தப்பியது.

“இப்ப மட்டும் என் செடி வேணுமா?” என்று கத்தினேன்.

“கைக்கு எட்டுச்சு, கட்னேன். அதுக்குன்னு நல்ல செடின்னு சொல்லுவனா?” அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலை முடிந்ததும் கயிற்றை அவிழ்த்தார். வழக்கம்போல ஒரு கிளையை ஒடித்து எறிந்துவிட்டுப் போனார். திட்டிக்கொண்டே போய் எடுத்தேன். செடி முழுக்கப் பூ. அதில் தேடித்தேடி, பூவே இல்லாத கிளையாக ஒடித்திருக்கிறார் அந்த ஆள்.