ஆமைக்கல்லிலிருந்து இரண்டு சைக்கிள்களோடு

சனிக்கிழமை காலை பத்தரைக்கு ஆமைக்கல்லுக்கு முதுகைக் காட்டி நடந்துகொண்டிருந்தேன். வலக்கையில் என் சைக்கிள், இடக்கையில் கூட்டாளி நஸீருடையது. அவனுடைய முன் ரியூப் முள்ளில் கிழிந்திருந்தது. இல்லாவிட்டால் ஒன்றில் ஏறி மற்றதை ஒரு கையால் பிடித்தபடி ஓட்டியிருப்பேன். கும்புறுப்பிட்டிக்கு மேற்கே பற்றைக்காட்டுக்குள் இருக்கிறது, நாங்கள் ஏறிய இந்தப் பாறை. தார் வீதிக்கு நாலு கிலோமீற்றர் செம்மண் பாதை, அங்கிருந்து இறக்கக்கண்டிக்கு எட்டு. ஊர்க்கணக்கில் ஏழரைக் கட்டை, அதாவது மைல்.

மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று முதுகில் அடித்தது. வரும்போது எதிர்க்காற்று, திரும்பும்போது அதுவே தள்ளிவிடும். வழக்கமாக இந்த இடத்தில் இருவரும் பெடலில் கால் வைத்தபடி சும்மா உருண்டு வருவோம். இன்றைக்குத் தள்ளுகிற காற்றும் பாரமாக இருந்தது.

சைக்கிள்களை எடுக்கக் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே புல்மோட்டை பஸ்ஸில் வந்து இறங்கினேன். நாலு மாதத்தில் நான் ஏறிய மூன்றாவது எஞ்சின் வண்டி அது. முதல் இரண்டும் நேற்று.

எஞ்சினில் ஏறுவதில்லை என்ற கதையைத் தொடங்கியவன் நஸீர். இறக்கக்கண்டியில் கரைவலைக் கயிறு இழுப்பவன்; கடலில் போட்ட வலையைக் கரையில் வரிசையாக நின்று இழுக்கிற வேலை. பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் சைக்கிளுக்கு மாறி, அதிலேயே நின்றுவிட்டான். நான் அப்போது உப்புவெளியில் ஒரு விடுதியில் அறை கூட்டிக்கொண்டிருந்தேன். அங்கே தங்கிய, பாறை ஏறுகிற வெள்ளைக்காரன் ஒருவன் போகும்போது அறுபது மீற்றர்க் கயிறு, இடுப்புப்பட்டி இரண்டு, சப்பாத்து இரண்டு சோடி எல்லாவற்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனான். நஸீரின் சப்பாத்து ஓர் அளவு பெரிது. முன்னுக்குக் கடதாசி திணித்துப் போடுவான்.

"எஞ்சினில போய் ஏறின கல்லு உன்ர கணக்கில இல்ல மச்சான்," என்பான்.

வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு வலை இல்லை. அதிகாலைச் சுபஹு தொழுதுவிட்டு வருவான். எட்டு மணிக்குள் கல்லில் கை வைக்க வேண்டும். ஒன்பதரைக்குப் பிறகு கல் தோசைக்கல். மதிய ஜும்மாத் தொழுகைக்குள் ஊர் திரும்புவோம். இப்படியே சித்திரையிலிருந்து பதினொரு கல் ஏறினோம். பின்பக்கச் சரிவால் போய் மேலே பாலை மரத்தில் கயிற்றைச் சுற்றி, ஒரு தலைப்பை ஏறுகிறவனின் பட்டியிலும் மறு தலைப்பைக் கீழே நிற்கிறவனின் இடுப்பிலும் கொடுப்போம்.

சொற்கள் மூன்றுதான், நஸீர் கரைவலையிலிருந்து கொண்டுவந்தவை: இழு, பிடி, விடு. விடு என்றால் கயிற்றை இளக்க வேண்டும். ஆனால் வாய் ஓயாமல் கதைக்கிற இரண்டு பேருக்கு இது ஆபத்து என்று முதல் கிழமையே தெரிந்துவிட்டது. அதனால் ஒரு சட்டம் வைத்தோம். மச்சான் என்று சேர்த்தால் அது கதை. தனிச்சொல் என்றால் அது கயிறு.

நேற்று அவன் ஐம்பது அடி உயரத்தில், துருத்தி நின்ற ஒரு திட்டுக்குப் பத்து அடி மேலே நின்றான். கை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து நான் சொன்னேன்: "நஸீர், திங்கக்கிழமை நான் மன்னாருக்குப் போறன். அங்க ஒரு வேலை இருக்காம்."

முகம் பார்த்துச் சொல்லக் கூச்சம். அவன் முகம் கல்லுக்குள் இருந்தபடியால்தான் சொன்னேன்.

அவன் ஒரு கையைக் காற்சட்டையில் துடைத்தான். பிறகு, "எப்ப திரும்பி வருவா?" என்றான்.

"தெரியாது. அந்தப் பக்கத்தையும் ஒருக்காப் பாப்பம் எண்டு."

"விடு," என்றான்.

நான் விட்டேன். இரண்டு பாகம், பன்னிரண்டு அடிக் கயிறு கையால் போனது. அந்த நேரம் அவன் கால் வழுக்கியது. கயிறு இறுகும் முன்பே திட்டில் அவன் கணுக்கால் அடிபட்ட சத்தம் கேட்டது.

மச்சான் என்று சேர்த்திருந்தால், கதையைத்தான் விடச் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்திருக்கும். சேர்க்க அவனுக்கு மனம் வரவில்லை.

விறகு ஏற்ற வந்த ஒருவரின் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் அவனைத் தார் வீதிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஆட்டோவில் திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போனோம். லான்ட்மாஸ்டர் பெட்டியில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவன், "எஞ்சினில முதல்ல ஏறினது நான்தான். தோத்திட்டன்," என்றான். அதிலும் மச்சான் இல்லை. இரண்டு இடத்தில் முறிவு, மூன்று மாதம் கால் ஊன்ற ஏலாது என்றார்கள்.

இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குத் தார் வீதியை அடைந்தேன். சந்தித் தேத்தண்ணிக் கடையில் பால் விடாத வெறுந்தேத்தண்ணி ஐம்பது ரூபாய். கடைக்காரர் இரண்டு சைக்கிளையும் பார்த்தார்.

"என்ன தம்பி, மற்ற ஆளை ஆனை அடிச்சிட்டுதோ?"

"இல்லை, ஆஸ்பத்திரியில."

"ஆர் அங்க அனுப்பினது?"

"நான்தான்."

அவர் கோப்பையை எடுத்துக் கழுவினார். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

மூன்றரைக்கு இறக்கக்கண்டி. பாலத்தின் கீழே களப்பு நீர் வற்றிச் சேறு தெரிந்தது. நஸீரின் உம்மா வேலியில் சைக்கிளைச் சாத்தச் சொன்னார். "உனக்கு அடியொண்டும் படல்லையே மகன்?" என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டிவிட்டு நஸீரின் சைக்கிளை வேலியில் சாத்தினேன்.

கரையில், எல்லாருக்கும் அண்ணன் முறையான ஹனீபா காக்கா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நஸீரின் வலையை நடத்துகிற மண்டாடி அவர்தான்.

"நஸீர்ர இடத்துக்குக் குச்சவெளியால ஒரு ஆள் கேட்டு வந்திருக்கு," என்றார். "நாளைக்கு அவனை நிப்பாட்டப் போறன்."

அந்தக் கரையின் வழக்கம் எனக்குத் தெரியும். வர ஏலாதவன் தன் ஆளொருவனை நிறுத்தினால் இடம் அவனுக்கே இருக்கும். வெளியாள் வந்துவிட்டால், அடுத்த வருடமும் அந்த இடம் வெளியாளுடையது. நஸீருக்கு அண்ணன் தம்பி இல்லை.

"அவனுக்காக நான் நிக்கிறன் காக்கா."

ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீ நிக்கிற ஆளா? உப்புவெளியில ரெண்டு மாசம், நிலாவெளியில ரெண்டரை. கச்சான் காத்துக்கூட உன்னைவிடக் கூட நாள் நிக்கும். மன்னாருக்குப் போறியாமே, நேத்து ஆஸ்பத்திரியில நஸீர் சொன்னான்."

"வேற என்ன சொன்னவன்?"

"கல்லு வழுக்கினதாம்."

அப்படியே விட்டிருக்கலாம். "வழுக்கினதுதான்," என்றேன். "ஆனா அதுக்கு முதல் நான் கயிறை விட்டிட்டன்."

அவர் ஊசியை வலையில் குத்தி வைத்தார். பிறகு, "கயிறை விட்டவனையோ கயிறில நிப்பாட்டச் சொல்றா?" என்றார்.

"ஓம்."

"எத்தினை நாளைக்கு?"

"அவன் நடக்கிறவரைக்கும்."

அவர் மறுபடி ஊசியைக் கோத்தார். "விடிய அஞ்சு மணிக்கு வா. பிந்தினா குச்சவெளி ஆள்."

நான் பிறந்தது தம்பலகாமத்தில். பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்பில் விட்டேன், வயலைப் பதினேழில். அதற்குப் பிறகு எந்த ஊரையும் விட்டு வருவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்ததில்லை. எங்கேயும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்ததில்லை, அதனால் தெரியாது.

ஞாயிறு ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கக் கரைக்குப் போனேன். வலையின் தெற்குக் கயிற்றில் ஏழாவது ஆள், நஸீரின் இடம். முன்னால் நின்றவர் திரும்பி, "கல்லேறிறவரே, இது படுத்துக் கிடக்கிற கல்லு. விழ ஏலாது," என்றார். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஈரக்கயிறு உள்ளங்கையை முதல் இழுப்பிலேயே உரித்தது.

ஆறரை மணியளவில் வலை வடக்கே சாய்ந்தது. ஹனீபா காக்கா துண்டை வீசி எங்கள் பக்கம் கத்தினார்: "விடு."

முன்னால் நின்ற ஆறு பேரும் இளக்கினார்கள். கயிறு என் கையில் மட்டும் இறுகி நின்றது.

"டேய், உன்னைத்தான். விடு."

மச்சான் என்ற சொல் பின்னால் வருகிறதா என்று பார்த்து நின்றேன். வரவில்லை. விட்டேன்.