இரண்டாவது ஒப்பாரி

கோஸ்மாஸ் சிரித்துப் பார்த்தவர்கள் கிரீஸ் நாட்டின் எங்கள் யானினா ஊரில் ரொம்பக் குறைவு. பகலில் நகராட்சியில் தண்ணீர்க் குழாய் ரிப்பேர், இரவில் என் கடையில் கிளாரினெட். இரண்டு வேலைக்கும் அதே மூஞ்சிதான். ஏரிக்கரையில் வரிசையாக இருக்கும் குடிக்கடைகளில் என்னுடையது கோட்டை மதிலை ஒட்டியது. சனிக்கிழமை என்றால் உட்கார இடம் கிடைக்காது. வறுத்த விலாங்கும் தவளைக்காலும் தட்டுத் தட்டாகப் போகும், சீப்பூரோ சாராயம் ஊற்றி ஊற்றி எனக்குக் கை வலிக்கும்.

எங்கள் பக்கத்தில் ஆட்டம் தொடங்குமுன் ஒப்பாரி வாசித்தாக வேண்டும். வார்த்தை கிடையாது, வெறும் கிளாரினெட். செத்தவர்களுக்கு அவர்கள் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் உயிரோடு இருப்பவர்கள் குடித்துக் கூத்தடிக்கலாம். அது முடியும்வரை யாரும் எழுந்து ஆடக்கூடாது. வெளியூரிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளுக்கு இது பிடிபடாது.

“என்னக்கா இது, கல்யாணத்துக்குக் கூப்பிட்டு கருமாதிச் சாப்பாடு போடுறீங்க?” என்று ஒருத்தன் கேட்டான்.

“வாயை மூடிக்கிட்டு விலாங்கைத் தின்னு. நீ போனாலும் கோஸ்மாஸ்தான் வாசிப்பான்” என்றேன்.

ஒரே இரவில் அதை இரண்டாவது முறை வாசிக்கக் கூடாது என்பதில் மட்டும் கோஸ்மாஸ் படு கறார். முதல் ஒப்பாரி போனவர்களுக்கு, இரண்டாவது போகப்போகிறவருக்கு என்பான். எவ்வளவு பெரிய ஆள் குடித்துவிட்டுக் கெஞ்சினாலும் கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்துவிடுவான். நான் அதை நம்பினேனா என்றால், இந்த ஏரிக்கரையில் பிறந்தவள் நம்பாமல் என்ன செய்வாள்! துருக்கிப் பாஷா ஆண்ட காலத்தில் பெண்களைச் சாக்கில் கட்டி மூழ்கடித்த தண்ணீர் அது. மூடுபனி நாட்களில் ஏரிப் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதே இல்லை.

கைபேசி எல்லாம் வராத காலம். நவம்பர் மாதத்துச் சனிக்கிழமை. கோஸ்மாஸின் ஒரே மகள் ஹைடோ அன்றைக்கு ஆட வருவதாக இருந்தாள். அவர்கள் வீடு ஏரிக்குள் இருக்கும் தீவில். தாய்மாமன் வாயாஸின் மோட்டார் படகில் ஏறினால் ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் இக்கரை வந்துவிடலாம். கோஸ்மாஸ் ஒப்பாரியை முடித்து, முதல் ஆட்டமும் முடிந்த நேரத்தில் பனி இறங்கிவிட்டது. எங்கள் ஏரிப்பனி சொல்லிக்கொண்டு வராது. வாசலில் தொங்கிய விளக்கே கண்ணுக்குத் தெரியவில்லை.

மகளைக் காணோமே என்று கோஸ்மாஸ் வெளியே போனான். நானும் பின்னால் போனேன். படகின் மோட்டார் சத்தம் கேட்டது. கரையை நோக்கி வந்தது, விலகியது, சுற்றியது, அப்புறம் தூரப் போனது.

“வழி தெரியாம சுத்துறாங்கக்கா” என்றான். “அந்தப் பக்கம் நாணல் காடு. போன வருஷம் அதுல சிக்கினவனை விடிஞ்சப்புறம் பொணமாத்தானே எடுத்தோம்.”

ஏன் சுற்றுகிறார்கள் என்று எனக்குச் சட்டென்று புரிந்தது. கரை முழுக்கக் கடைகள், எல்லாக் கடையிலும் அதே ஆட்டப்பாட்டு. பனிக்குள் நின்று கேட்பவனுக்கு எது கரை, எங்கே படித்துறை என்று எப்படித் தெரியும்? ஓடினேன். கடை கடையாகப் புகுந்து கத்தினேன்.

“நிறுத்துங்கடா! தண்ணியில ரெண்டு உசிரு தவிக்குது, உங்களுக்குக் குத்தாட்டம் கேக்குதா?”

“லம்ப்ரினி அக்காவுக்கு இன்னைக்கு ஏறிடுச்சுடோய்!” என்று ஒரு தடியன் இளித்தான். அவன் மைக் வயரைப் பிடுங்கி எறிந்தேன். இளிப்பு நின்றது. ஒவ்வொரு கடையாக அடங்கியது. சனிக்கிழமைக் கூட்டம் முழுவதும் கையில் கோப்பையோடு கரைக்கு வந்து வாய் திறக்காமல் நின்றது. எங்கள் கரை அப்படி அடங்கி நான் கண்டதில்லை.

கோஸ்மாஸ் படித்துறையில் இறங்கி நின்று ஓர் ஆட்டப்பாட்டை வாசித்தான். துள்ளித் துள்ளி வந்த சுரங்களெல்லாம் பனிக்குள் சிதறிப் போயின. மோட்டார் இன்னும் தூரம் போனது.

“நீட்டி வாசிடா” என்றேன். “இழுத்து வாசிச்சாத்தான் தண்ணி மேல போகும்.”

“அப்படி வர்றது எங்கிட்ட ஒண்ணுதான்க்கா இருக்கு.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “அதை வாசிச்சா எம்பொண்ணை நானே ஏரிக்குத் தூக்கிக் குடுத்த மாதிரி.”

“வாசிக்கலைன்னா மட்டும் விட்டுடுமா?”

என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்த நேரத்தில் என்னை அவன் வெறுத்தான், நிச்சயமாகச் சொல்வேன். பிறகு கிளாரினெட்டை வாயில் வைத்தான்.

எத்தனையோ வருஷமாகக் கேட்ட ஒப்பாரிதான். ஆனால் அன்றைக்குத் தண்ணீரே ஏறி வந்து கேட்டது. பொட்டுக் காற்று இல்லை, அலை இல்லை. காய்ந்து கிடந்த படி ஒன்று என் கண்ணெதிரே நனைந்தது. பின்னால் ஒரு பெண் சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். அப்போது மோட்டார் சத்தம் அடியோடு நின்றுவிட்டது. கோஸ்மாஸின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, ஆனால் அவன் நிறுத்தவில்லை. ரொம்ப நேரம் கழித்து மோட்டார் மறுபடி உறுமியது. நேராக வந்தது.

ஹைடோ படியேறியதும் கோஸ்மாஸ் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாயில் வந்தபடி திட்டினான். கரை முழுக்கக் கைதட்டல்.

“நடுவுல எதுக்குடி மோட்டாரை அணைச்சீங்க? எனக்கு உசிரே போயிடுச்சு!”

“கேக்கறதுக்குத்தாம்பா” என்றாள். அவளுக்குப் பல் கிட்டித்தது. “ரெண்டு கிளாரினெட் கேட்டுச்சு. ரெண்டுலயும் அதே ஒப்பாரி. ஒண்ணு இங்க, இன்னொண்ணு நாணல் பக்கம். அதுதான் ரொம்ப நல்லா இருந்துச்சு. அதுதான் நீங்கன்னு மாமா படகை அங்க திருப்பப் போனாரு. நான் விடல.”

வாயாஸ், கட்டி முடித்த படகுக் கயிற்றையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“அது நான் இல்லைன்னு எப்படிடி தெரிஞ்சுது?”

“நீங்க நடுநடுவுல மூச்சு வாங்குனீங்கப்பா. அது வாங்கவே இல்ல.”

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். அந்த இரவு எந்தக் கடையிலும் மறுபடி பாட்டு வைக்கவில்லை.

கோஸ்மாஸ் இன்னும் என் கடையில்தான் வாசிக்கிறான். ஒப்பாரியின் நடுவே மூச்சு வாங்க அவன் நிறுத்தும்போது தின்றுகொண்டிருப்பவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிடுவார்கள். அவன் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் அடுத்த கோப்பையை ஊற்றுவேன்.